தோட்டப் பாடசாலையில் வழுவாய்வும் கற்பித்தலும்: அக்கரப்பத்தனையை முன்வைத்து ஒரு நோக்கு

கல்வியாய்வு என்றதும் பல்கலைக்கழக நூலகமும் புள்ளிவிபர அட்டவணைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வாளர் கண்டறிவார், ஆசிரியர் அதனை நடைமுறைப்படுத்துவார் என்ற வேலைப்பிரிவினை நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. இதனைக் கேள்விக்குள்ளாக்கியோருள், 1946இல் செயல்நிலை ஆய்வு பற்றி எழுதிய கேர்ட் லெவினும், ஆசிரியரையே ஆய்வாளராகக் கொள்ளவேண்டும் என 1975இல் வாதிட்ட லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸும் குறிப்பிடத்தக்கவர்கள். மாணவரின் அன்றாட வழுக்களே ஆசிரியரின் தலையாய ஆய்வுத்தரவு என்பதையும், அவற்றை ஆராயும் கருவிகள் பெரும்பொருட் செலவை வேண்டாதவை என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

டயகம, ஹோல்புறூக், டொரிங்டன் முதலிய தோட்டங்கள் சூழ அமைந்தது அக்கரப்பத்தனை. இத்தகைய பகுதிகளின் கல்விப் பின்னடைவுக்குப் பிள்ளைகளின் இயல்பாற்றலிலே காரணந் தேடுவோர் வரலாற்றை மறந்தவராவர். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. உழைக்குங் கைகளை வேண்டி நின்ற நிர்வாகம் சிந்திக்கும் மனங்களை வேண்டியிருக்கவில்லை. ஓரறை, ஓராசிரியர் என்பதே பல தோட்டங்களின் நிலையாயிற்று. 1945இன் இலவசக் கல்வி இவற்றை எட்டாது நின்றது. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கின. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடனின் சீடா நிறுவன உதவியும் கிடைத்தது. ஆயினும், பாடசாலைக்குள் வந்துவிட்ட பிள்ளை எதனைக் கற்கின்றது என்ற வினா இவற்றோடு தீர்ந்துவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். தாயொருத்தி காலையில் 9, நண்பகலில் 8, மாலையில் 6 கிலோகிராம் கொழுந்து நிறுத்தாள் எனவும், அன்றைய பேருக்கு வேண்டிய நிறை 18 கிலோகிராம் எனவும் கொள்வோம். மேலதிகக் கொழுந்து எவ்வளவு? மாணவன் மொத்தம் 23 எனச் சரியாகக் கூட்டுகிறான்; அதிலிருந்து 18ஐக் கழித்து 15 என எழுதுகிறான். சிவப்பு மையாற் பிழை குறியிட்டு அப்பாற் செல்வது வழமை. ஆனால் இவ்விடை கவனமின்மையால் வந்ததன்று. 3இலிருந்து 8 போகாது. எனவே 8இலிருந்து 3ஐக் கழித்துள்ளான். ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்ற விதியை அவன் ஒழுங்காகப் பின்பற்றியுள்ளான். அவ்விதி இவ்விடத்துக்குப் பொருந்தாது என்பதே அவன் அறியாதது. கணித வழுக்கள் பலவும் இவ்வாறு விதிவழிப்பட்டவை என்பதை ஜோன் சீலி பிறவுண், றிச்சாட் பேட்டன் ஆகியோர் 1978இல் எடுத்துக்காட்டினர். இத்தகைய மாணவனுக்கு மேலும் இருபது கழித்தற் கணக்குகளைக் கொடுப்பது தவறான விதியை உறுதிப்படுத்துவதாகவே முடியும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்து எடுக்கச்செய்வதே பரிகாரம். 18உடன் 15ஐச் சேர்த்தால் 33 ஆகின்றதே, அம்மா நிறுத்தது 23 அல்லவா என வினவின், அவனே தன் விடையை ஐயுறுவான்.

மொழிப்பாடத்திலும் நிலைமை இதுவே. சொல்வதெழுதலில் ‘கொழுந்து’ என்பதைக் ‘கொளுந்து’ என எழுதும் பிள்ளை, தான் லயத்திற் கேட்ட ஒலியை உண்மையாகவே எழுதியுள்ளது. அதன் செவி பழுதன்று. பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையிலான தூரமே வழுவாக வெளிப்படுகின்றது. கொழுந்து, பெரட்டு, படங்கு, மட்டக்கம்பு என அது நன்கறிந்த சொற்களிலிருந்து தொடங்கும் ஆசிரியர் அத்தூரத்தைக் குறைக்கிறார்.

இவ்வகை ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் மூன்று. முதலாவது குறையறி சோதனை. புள்ளி வழங்குவதற்கன்றி, எந்தப்படியிற் பிள்ளை இடறுகின்றது என அறிவதற்கான ஐந்தாறு வினாக்கள் போதுமானவை. இரண்டாவது கற்பலகை, எல்லோரும் ஒருங்கே விடையை உயர்த்திக் காட்டும்போது, கைதூக்கும் நால்வரின் விடையை வகுப்பின் விடையெனக் கொள்ளும் மயக்கம் நீங்கும். மூன்றாவது வழுப்பதிவேடு, பிள்ளை எழுதியது, அது கூறிய காரணம், கையாண்ட பரிகாரம், இரு வாரத்தின் பின் கண்ட மாற்றம் ஆகியன அதில் இடம்பெறவேண்டும். பல தரங்களை ஒருவரே கற்பிக்கும் வகுப்பில், தரம் நோக்காது ஒத்த வழுவுடையோரை ஒரு குழுவாக்கவும் இப்பதிவேடு துணைசெய்யும்.

இம்முறையின் பயன் ஆய்வுகளால் வலியுறுத்தப்பட்டுள்ளது. கற்றலின் இடையே செய்யப்படும் கணிப்பீடு, அடைவிற் பின்தங்கியோருக்கே கூடிய பயனளிப்பதாகப் போல் பிளாக், டிலான் வில்லியம் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு மீளாய்வு கூறுகின்றது. புள்ளியின்றிக் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர், இரண்டையும் பெற்றவரிலும் முன்னேறினர் என்பது 1988இல் ரூத் பட்லர் கண்ட முடிபாகும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை மையமாகக் கொண்டு, சித்தியெய்தக்கூடிய சிலரிடமே கவனத்தைக் குவிக்கும் பாடசாலைகள் இம்முடிபுகளைச் சிந்தித்தல் தகும்.

வழுப்பதிவேடு ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாது. பசியோடு மலையேறி வரும் பிள்ளையின் பசியையும் தீர்க்காது. அவை கூலியோடும் அரச கொள்கையோடும் பிணைந்த பிரச்சினைகள். ஆயின் அவை தீரும்வரை வகுப்பறை காத்திருக்க இயலாது. 5 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த பிள்ளையே நாளை தன் தாயின் சம்பளத்துண்டைப் படித்து, கழிக்கப்பட்டது எவ்வளவு, ஏன் கழிக்கப்பட்டது என வினவும். அவ்வினாவை எழுப்பும் ஆற்றலே தோட்டப் பாடசாலை வழங்கவேண்டிய கல்வியாகும்.