முட்டைக்கு நாள் குறிக்கும் வெளிச்சம்

இங்கிலாந்தில் மார்ச் மாதம் பொரித்த கோழிக்குஞ்சு ஆகஸ்ட், செப்டம்பரில் முட்டைக்கு வந்துவிடும். ஜூலையில் பொரித்ததோ, 5 மாதம் நிறைந்து டிசம்பர் வந்தாலும் முட்டையிடாமல் இருக்கலாம். தீனியில் குறையில்லை, பகல் பொழுதுதான் குறைவு. லண்டனில் ஜூன் மாதப் பகல் சுமார் பதினாறரை மணி நேரம்; டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை.

கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியும் மூளையின் உட்பகுதியை எட்டி, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்களைச் சுரக்க வைக்கிறது. இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கச் சுருங்க, அந்தத் தூண்டுதலும் தளர்கிறது.

டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் மறுபடி நீளத் தொடங்கும். சில வாரங்களில் விடைக்கோழியின் வெளிறிய கொண்டை சிவக்கும். முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்காரும். இனி முட்டைக்கு அதிக நாள் இல்லை.

காத்திருக்க மனமில்லாதவர்கள், விடியுமுன்பே கூண்டில் விளக்கெரித்து வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக 14 மணி நேரம் வரை கூட்டுவார்கள். ஆனால் உடல் முதிராத கோழிக்கு அவசரப்பட்டு விளக்குப் போட்டால், முட்டை சிறுத்துப் போகும். முட்டைக்குழாய் வெளியே தள்ளும் ஆபத்தும் உண்டு.