முதல் டிக்காஷன்

காபியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பாலில்தான் ஆரம்பிக்கிறார்கள். பசும்பாலா எருமைப்பாலா, தண்ணீர் கலந்ததா கலக்காததா என்று. பால் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்பில் பால் ஏறுவதற்கு முன்பே, பொடி வாங்கும் கடையிலேயே அந்தக் காபியின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி.

கொட்டையை வறுத்து, கேட்ட பிறகு அரைத்துத் தரும் கடை நடந்துபோகிற தூரத்தில் இருப்பதை நான் பெரிய பாக்கியமாக நினைக்கிறேன். "பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது, கால் கிலோ" என்றால் போதும். நிறுத்து, மெஷினில் கொட்டி, பொடியைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வீடு வரும் வரை பொட்டலத்தில் இளஞ்சூடு இருக்கும். வழியில் எதிரே வருகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடுகிறது. அதுதான் பீபரி. பிளான்டேஷன் என்பது சதை நீக்கி, நீரில் கழுவிக் காயவைத்த அரபிகா. மணம் அதிகம், நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு தங்கும். ரொபஸ்டா என்ற இன்னொரு வகையில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு ரொபஸ்டாதான். பால் நிறைய ஊற்றிக் குடிப்பவர்கள் அதில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், டிக்காஷன் பாலுக்குள் காணாமல் போகாது.

சிக்கரியைக் கலப்படம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காஃபின் கிடையாது. பில்டரில் ஈரம் பட்டதும் உப்பி, தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடாமல் தடுக்கிறது. நூற்றுக்கு இருபது வரை அது காபிக்குத் துணை. அதற்கு மேலே போனால் காபியை மூடிவிடும். பாக்கெட்டில் அடைத்த பொடி வாங்குகிறவர்கள் திருப்பிப் பார்க்க வேண்டும். சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டியது கட்டாயம். 49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது. ஏறக்குறைய பாதி! நாம் கொடுக்கும் காசு காபிக்கா வேருக்கா என்று தெரிந்துகொண்டு வாங்கலாமே.

வீட்டில் நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில உண்டு. பில்டரில் பொடியைப் போட்டு, அதன் குடையால் லேசாக அமுக்கினால் போதும். பலம் காட்டினால் ஒரு சொட்டு இறங்காது. கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் கொஞ்சமாக, பொடி நனையும் அளவுக்கு விட்டு, அது உப்பி மணம் எழுந்த பிறகே மீதியை ஊற்ற வேண்டும். கால் மணி நேரமாவது தொடக்கூடாது. ராத்திரியே டிக்காஷன் இறக்கி வைக்கும் வழக்கம் எனக்கு ஒப்பாது. விடிவதற்குள் மணம் போய், கசப்பு மட்டும் நிற்கும். ஆறிப்போனால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கலாம், அடுப்பில் நேராக வைக்கவே கூடாது. துளைகள் அடைத்துக்கொண்ட பித்தளை, எவர்சில்வர் பில்டர் என்றால் மேல் கிண்ணத்தைத் தணலில் காட்டித் தட்டினால், கருகிய பழைய பொடி உதிர்ந்துவிடும்.

ஓட்டல் காபிக்கும் நேரம் உண்டு. கடை திறந்த முதல் அரை மணியில் குடிப்பதும், பதினொரு மணிக்குக் குடிப்பதும் ஒன்றல்ல. புதுச்சேரி போனால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உட்காராமல் நான் திரும்புவதில்லை. 1950களில் காபி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் துணைநிற்க, அந்த ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து எடுத்து நடத்திய கடைகள் அவை. பரிமாறியவர்களே முதலாளிகளான இடத்தில் குடிக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு ஒரு சந்தோஷம்.

புதிய கஃபேக்களையும் நான் வரவேற்கிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல், எஸ்டேட் பெயர் சொல்லித் தருகிறார்கள். நம் மலைக் காபியின் ருசி அப்படிக் குடித்தால்தான் பிடிபடுகிறது. ஏற்காட்டில் 1820களிலேயே, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், காபி வந்துவிட்டது. கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழைக்கும் ஆரஞ்சுக்கும் இடையே, நிழலில் மெதுவாகப் பழுக்கிறது அரபிகா. ஆனாலும் நம் காபியில் பெரும்பகுதி குடகிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும்தான் வருகிறது. தாண்டிக்குடிக் கொட்டையைத் தனியாக, வேறெதுவும் சேர்க்காமல் அரைத்துத் தரும் கடைகள் குறைவு. நாலு பேர் கேட்டால் வரவழைப்பதாக எங்கள் தெருக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மீதி மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.