மருந்து ஆய்வில் சவ்வுப் புரதங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது வித்துரா. 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு நிறுவிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு இயங்கி வருகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய துறைகள் இங்கு ஒரே வளாகத்தில் உள்ளன. இம்மூன்றும் இணைந்தாலன்றித் தீராத சிக்கல்களுள் ஒன்று, சவ்வுப் புரதங்களைப் பற்றியதாகும்.

உயிரணு ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அதில் பதிந்துள்ள புரதங்களே வெளியிலிருந்து வரும் செய்திகளை உள்ளே அறிவிக்கின்றன. உப்புகளையும் சத்துகளையும் கடத்துகின்றன. இன்று வழங்கும் மருந்துகளுள் பாதிக்கு மேற்பட்டவை இப்புரதங்களின் மீதே செயல்படுகின்றன. இரத்த அழுத்தத்திற்கு அளிக்கப்படும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகள் இதற்கு எடுத்துக்காட்டு.

இடர்ப்பாடு யாது?

புதிய மருந்தை வடிவமைக்கப் புரதத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். அதற்கு அதனைச் சவ்விலிருந்து பிரித்தெடுத்தல் வேண்டும். ஆனால் கொழுப்பை விட்டு நீங்கியதும் புரதம் குலைந்து, திரண்டு, பயனற்றுப் போகிறது.

இதனைத் தடுக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. டிடர்ஜென்ட் மூலக்கூறுகளால் புரதத்தைப் போர்த்திக் காப்பது முதல் வழி. 'நானோடிஸ்க்' எனப்படும் நுண்ணிய கொழுப்புத் தட்டில் அதனைப் பதித்து வைப்பது இரண்டாவது. புரதத்தின் அமினோ அமிலங்கள் சிலவற்றை மாற்றி உறுதியூட்டுவது மூன்றாவது. பீட்டா பிளாக்கர்கள் பற்றும் புரதத்தை வான்கோழியிலிருந்து எடுத்து, அதில் ஆறு அமினோ அமிலங்களை மாற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அதன் வெப்பம் தாங்கும் திறன் 21 பாகை செல்சியஸ் உயர்ந்ததை 2008-இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அதன் அமைப்பும் கண்டறியப்பட்டது.

நிலைப்படுத்திய புரதத்தைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, எவ்வெப்பத்தில் குலைகிறது என்று அளக்கின்றனர். மருந்து அதனைப் பற்றுகிறதா என்றும் சோதிக்கின்றனர். குலைந்த புரதத்தின் மீது நடத்தும் ஆய்வு, எத்துணை விலையுயர்ந்த கருவியில் நடப்பினும் வீணே.

நமக்கு ஏன் தேவை?

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. அதனால் நம் மருந்துத் தொழில் விரைந்து வளர்ந்தது. 2005-இல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்தபின், பிறர் கண்ட புதிய மருந்தை உரிமமின்றித் தயாரிக்க அக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. நாமே கண்டுபிடித்தல் இதற்குரிய மாற்று வழியாகும். அதற்கான திறமை நம்மிடம் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இவ்வகைப் புரதங்களை ஆராயும் அருண் குமார் சுக்லா 2021-ஆம் ஆண்டிற்கான பட்நாகர் விருது பெற்றார்.

கருவிக்கு ஒதுக்கும் நிதியின் பயன் உடனே கண்ணுக்குத் தெரியும். புரதத்தை நிலைப்படுத்தச் செலவாகும் ஆண்டுகள் அவ்வாறு தெரிவதில்லை. ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடுவோர் அப்பொறுமைக்கும் நிதி ஒதுக்குவது இன்றியமையாதது.