சொட்டு மருந்து கடையில் இல்லாத நாள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) வந்தால் அது எளிதில் பிடிபடாது. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட வேண்டிய நடுப்பார்வையை இந்த நோய் கடைசி வரை விட்டுவைக்கிறது. முதலில் தின்பது ஓரப்பார்வையை. பெரும்பாலும் வலியும் கிடையாது. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது வயதைத் தொட்டவர்களில் 1.62 சதவீதம் பேருக்குத் திறந்தகோண வகை கிளாக்கோமா இருந்தது. அவர்களில் அநேகமாக யாருக்குமே அது முன்பே தெரிந்திருக்கவில்லை.

தெரிந்தவர்களுக்கோ வேறொரு கவலை. சொட்டு மருந்து தினமும் வேண்டும், ஆயுள் முழுக்க வேண்டும். அது எப்போதும் கிடைப்பதில்லை.

விட்டால் என்ன ஆகும்?

கண்ணுக்குத் தெரிந்து எதுவும் ஆகாது. ஆபத்தே அதில்தான். டிமோலால், லட்டனோபிராஸ்ட் போன்ற மருந்துகளின் வேகம் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வடிந்து, கண்ணின் பிரஷர் சத்தமில்லாமல் பழைய அளவுக்கு ஏறிவிடும். நோயாளி “போடாமலும் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பார். அதற்குள் பார்வை நரம்பில் செத்த இழைகள் எந்த மருந்துக்கும் திரும்பி வராது.

சேலையை நெய்து முடித்துக் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும் வீடுகளில், பாட்டில் தீரும் வாரமும் கையில் காசில்லாத வாரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வைகாசி கருட சேவைத் திருவிழா நாளில் ஊருக்குள் வண்டி நகராது. 2020 மார்ச் ஊரடங்கில் சென்னைக்குப் போகவே வழியில்லை. ஆகவே பாட்டில் பாதியானதுமே அடுத்ததை வாங்கி வைப்பது நல்லது.

கடைக்காரர் ‘இல்லை’ என்றால்

சீட்டில் உள்ள கம்பெனிப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். மருந்தின் பெயரும் சதவீதமும்தான் முக்கியம். அதே மருந்து வேறு கம்பெனியில் கிடைக்கலாம். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் விசாரிக்கலாம். கம்பெனி மாறினால் அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தே மாறுவதானால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் பாட்டிலில் டிமோலால் இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கு இதயத்தைப் பாதிக்கும். கண் சிவப்புக்கென்று கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னும் மோசம், அது பிரஷரையே ஏற்றும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரண்டு மடங்காகப் போட வேண்டாம்.

கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்றால் சொட்டு மருந்தைத் தேடி அலையாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இருப்பதை வீணாக்காமல்

கண்ணில் ஒரு சொட்டுக்குத்தான் இடம். இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியும், பாட்டிலும் மாதம் முடியுமுன் தீர்ந்துவிடும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். கை நடுங்கினால் வீட்டில் ஒருவர் விட்டுவிடட்டும்.

பிரிக்காத லட்டனோபிராஸ்டை வழக்கமாக 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பிரித்த பின் 25 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம் என்கிறது குறிப்பு. காஞ்சிபுரத்து வெயிலுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஃபிரிட்ஜின் கதவுப் பக்கமே சரி, ஃபிரீசர் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீடென்றால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெளியே வைக்கும் வகைகளும் உண்டு.

லேசர் என்ற வழி

மருந்துத் தட்டுப்பாட்டில் அடிக்கடி மாட்டுகிறவர்கள் லேசரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும் என்பேன். பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ‘லைட்’ ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மூன்று ஆண்டுகள் வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. கண்ணின் கோணத்தைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். இதைப் பற்றிக் கேட்க, 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக ரயிலிலேயே போகலாம். லேசரின் பலன் வருடங்களில் குறையக்கூடும் என்பதால், அதைச் செய்துகொண்டவர்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.