பைத்தியம் என்று யார் சொல்வது... டாக்டரா, ஜட்ஜா?

தன் புத்தி தன் வசத்தில் இல்லை என்பதை ஒருவர் தானே வாதாடி, அதுவும் புத்திசாலித்தனமாக வாதாடி நிரூபிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வேடிக்கையாக இருக்கிறதா? 1760-ல் இங்கிலாந்தில் ஒரு பிரபுவுக்கு இந்தக் கதிதான் வந்தது.

ஃபெர்ரர்ஸ் பிரபு தன்னிடம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளையைச் சுட்டுக் கொன்றுவிட்டார். பிரபு என்பதால் பிரபுக்கள் சபையிலேயே விசாரணை. அந்தக் காலத்துச் சட்டப்படி கொலைக் குற்றவாளிக்காக வக்கீல் சாட்சிகளை விசாரிக்க முடியாது. குற்றவாளியே எழுந்து நின்று கேட்க வேண்டும். ஃபெர்ரர்ஸும் கேட்டார். 'எங்கள் குடும்பத்தில் இந்த வியாதி உண்டுதானே? எனக்கும் இருந்ததைப் பார்த்தீர்கள்தானே?' என்று ஒவ்வொரு சாட்சியையும் துருவினார். அவர் கேள்வி கேட்ட அழகே அவருக்கு எமனாக முடிந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற மனுஷனுக்கா பைத்தியம்? அதே வருஷம் மே 5-ந் தேதி டைபர்ன் மைதானத்தில் தூக்கில் போட்டார்கள்.

அன்றைய நீதிபதிகளுக்குப் பைத்தியம் என்றால் ஒரே அர்த்தம்தான். 1724-ல் ஒரு வழக்கில் நீதிபதி அதைச் சொல்லியே விட்டார். பச்சைக் குழந்தை போல, காட்டு மிருகம் போல ஒன்றுமே புரியாதவனாக இருந்தால்தான் மன்னிப்பு! வீட்டில் மனநோயாளியை வைத்துப் பார்த்துக் கொள்கிறவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு அபத்தம் என்று. காலையில் எழுந்து பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பர் படித்து, சில்லறையை எண்ணி வாங்கி வருகிறவர்தான், 'எதிர் வீட்டுக்காரன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறான்' என்றும் நம்பிக் கொண்டிருப்பார். மற்ற எல்லாவற்றிலும் தெளிவு, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிரமை. இந்த வியாதியின் லட்சணமே அதுதான்.

இதைக் கோர்ட்டுக்கு முதலில் புரிய வைத்தவர் எர்ஸ்கின் என்ற வக்கீல். 1800-ம் வருஷம் மே 15-ந் தேதி, லண்டன் டுரூரி லேன் தியேட்டரில் நாடகம் பார்க்க வந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குறிபார்த்து ஹாட்ஃபீல்டு என்ற முன்னாள் சிப்பாய் சுட்டான். குறி தப்பிவிட்டது. மன்னர் மீது அவனுக்குக் கோபமே இல்லை. தான் செத்தால் உலகத்துக்கு விமோசனம் வரும், ஆனால் தற்கொலை பாவம், அதனால் அரசாங்கமே தன்னைக் கொல்லட்டும்... இதுதான் அவன் கணக்கு! போரில் வாள் வெட்டுப்பட்டு அவன் மண்டையில் ஆழமான காயங்கள். அவற்றை ஜூரிகளுக்கே காட்டினார் எர்ஸ்கின். திட்டம் போடத் தெரிந்தவன், சுட்டால் தூக்கு என்று தெரிந்தவன், ஆனாலும் பிரமையின் பிடியில் இருப்பவன் என்பது அவர் வாதம். ஜூரி ஒப்புக் கொண்டது. ஹாட்ஃபீல்டு குற்றவாளி இல்லை!

அப்படியானால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? அதுதான் இல்லை. விடுதலையானவனை அடைத்து வைக்க அப்போது சரியான சட்டம் கிடையாது. அவசர அவசரமாக அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். பெத்லெம் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்ட ஹாட்ஃபீல்டு, 1841-ல் இறந்தபோதும் காவலில்தான் இருந்தான். 'பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிட்டான்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நாற்பது வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடப்பதற்குப் பெயர் தப்பிப்பதா?

அடுத்து வந்த வழக்குதான் நம் ஊர் சட்டத்தையே எழுதிய வழக்கு.

டேனியல் மெக்நாட்டன், கிளாஸ்கோ நகரத்து மரக்கடைசல் தொழிலாளி. 1843 ஜனவரி 20-ந் தேதி லண்டன் தெருவில் நடந்து போன எட்வர்ட் டிரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டான். டிரம்மண்ட், பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளர். ஐந்து நாளில் இறந்துவிட்டார். யாரைச் சுட்டாய் தெரியுமா என்று போலீஸ் கேட்டபோது, 'ராபர்ட் பீல்தானே?' என்றான் மெக்நாட்டன். ஆளும் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகத் தன்னைத் துரத்துகிறார்கள், நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்பது அவன் நம்பிக்கை. இன்றைய டாக்டர்கள் கேட்டால் உடனே புரிந்து கொள்வார்கள். சந்தேகப் பிரமை.

கோர்ட்டில் வெளிவந்த விஷயங்களில் என் மனதை உறுத்தியது கொலை இல்லை. கொலைக்கு முந்தைய கதைதான். 'என்னைத் துரத்துறாங்க' என்று இந்த மனுஷன் யாரிடம்தான் சொல்லவில்லை? பெற்ற அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். கிளாஸ்கோ போலீஸ் அதிகாரியிடம் போய் முறையிட்டிருக்கிறான். தொகுதி எம்.பி.க்கும் எழுதினான். 'உமக்கு மனது சரியில்லை போலிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை' என்ற ரீதியில் எம்.பி. பதில் போட்டுவிட்டார்! வியாதி இன்னது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வைத்தியத்துக்குத்தான் யாரும் கூட்டிப் போகவில்லை. ஆனால் அந்த முறையீடுகள்தான் பிற்பாடு அவன் உயிரைக் காப்பாற்றின. அப்பாவும் போலீஸ்காரரும் கூண்டில் ஏறி, 'ஆமாம், அப்போதே எங்களிடம் வந்தான்' என்றார்கள். கொலைக்குப் பிறகு ஜோடித்த கதை இல்லை என்று ஊர்ஜிதமாயிற்று. டாக்டர்கள் பலர் மனநோய் என்று சாட்சி சொல்ல, மறுத்துச் சொல்ல அரசுத் தரப்பில் ஒரு டாக்டர்கூட இல்லை. தீர்ப்பு: குற்றவாளி இல்லை.

விக்டோரியா மகாராணிக்கு வந்ததே கோபம்! 1840-ல் தன்னையே ஒருவன் சுட்டுவிட்டு இதே காரணத்தால் தூக்கிலிருந்து தப்பியிருந்தான். (1882-ல் இன்னொருவன் சுட, கொலை செய்யப் பார்த்தவன் எப்படிக் குற்றவாளி இல்லாமல் போவான் என்று பிடிவாதம் பிடித்து, அடுத்த வருஷமே தீர்ப்பின் வாசகத்தை 'குற்றவாளி, ஆனால் மனநோயாளி' என்று மாற்ற வைத்தார். 1964 வரை அப்படித்தான் இருந்தது.) மெக்நாட்டன் தீர்ப்பால் எழுந்த கூச்சலில், பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு, எப்போது மன்னிக்கலாம், எப்போது கூடாது என்று கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் 'மெக்நாட்டன் விதிகள்'. செய்கிற காரியம் என்ன என்றே தெரியாமல் இருந்தானா? அல்லது அது தப்பு என்று தெரியாமல் இருந்தானா? இரண்டில் ஒன்று இருந்தால்தான் மன்னிப்பு. இந்த விதிப்படி பார்த்தால் மெக்நாட்டனே தப்பியிருக்க மாட்டான் என்று சொல்கிற சட்ட அறிஞர்கள் உண்டு. அவன் ஆஸ்பத்திரிக் காவலிலேயே 1865-ல் இறந்து போனான்.

இந்த விதிகளின் சாரம்தான் 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவாக வந்து உட்கார்ந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோது எண் மட்டும் 22 ஆயிற்று. விஷயம் அதேதான். டாக்டர், 'இவருக்கு என்ன வியாதி?' என்று பார்க்கிறார். கோர்ட், 'அந்த நிமிஷத்தில் இவருக்கு என்ன தெரிந்திருந்தது?' என்று பார்க்கிறது. மனச்சிதைவு நோய் என்று சர்டிபிகேட் நீட்டினால் மட்டும் போதாது. 'கோபத்தில் கண்ணு மண்ணு தெரியலை', 'குடிபோதையில் இருந்தேன்' என்பதெல்லாம் இந்தப் பிரிவில் வரவே வராது.

சரி, அந்த நிமிஷத்தில் ஒருவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? முன்னால் எப்படி இருந்தார், அப்போது எப்படி நடந்து கொண்டார், பின்னால் எப்படி இருந்தார் என்பதை வைத்துத்தான் கோர்ட் ஊகிக்கிறது. நிரூபிக்க வேண்டியதும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புதான். ஆனால் போலீஸ் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்ப இடமிருந்தால் போதும் என்று 1964-ல் குஜராத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்ற கணவரின் வழக்கு அது. சட்டத்தை இவ்வளவு தாராளமாக விளக்கிய அதே தீர்ப்பில், சாட்சியம் தேறவில்லை என்று தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள்.

2002-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த மகாராஷ்டிர வழக்கைப் பாருங்கள். அதிலும் மனைவியைக் கொன்ற கணவர். போலீஸ் கான்ஸ்டபிள். பட்டப்பகலில், அரைக்கிற கல்லால் தலையில் அடித்துவிட்டார். 1994-ல் நடந்தது. ஆனால் 1992-லிருந்தே மனச்சிதைவு நோய்க்கு வைத்தியம் பார்த்ததற்கு ஆஸ்பத்திரி ரெகார்டு இருந்தது. அப்பாவுக்கும் மனநோய் இருந்தது தெரிய வந்தது. சம்பவத்துக்குப் பிறகு சில மாதங்களில் 25 தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கொலை செய்தவர் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. ஆயுள் தண்டனை ரத்தாயிற்று.

எதற்கு இத்தனை கோர்ட் கதை என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பையன் தனக்குத்தானே பேசுகிறான், ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. 'காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சு கயிறு கட்டினா சரியாயிடும்' என்பார் பாட்டி. 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் தெளிஞ்சிடும்' என்பார் மாமா. 'வெளியில தெரிஞ்சா தங்கச்சிக்கு வரன் வருமா?' என்பது அம்மாவின் கவலை. அப்படியே டாக்டரிடம் போனாலும் வெளியூர் டாக்டர், மாற்றிச் சொன்ன பெயர். மருந்து வாங்கிய கையோடு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்து, 'ஐயா, இவனுக்கு அஞ்சு வருஷமா சரியில்லீங்க' என்று அதே அம்மா கோர்ட்டில் அழுதால், 'எங்கேம்மா ஆதாரம்?' என்றுதான் கேட்பார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். மற்றவர்கள் கையில் அடிபடுகிறவர்கள்தான் இவர்களில் அதிகம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் ஆபத்து இன்னும் குறைகிறது. கோர்ட்டுக்காக வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. வைத்தியத்தை மறைக்காதீர்கள் என்கிறேன்.

'ரெகார்டு இருந்தா, பைத்தியம்னு சட்டமே முத்திரை குத்திடாதா? சொத்து, வேலை எல்லாம் போயிடுமே!' என்ற பயம் பலருக்கு. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. ஒருவருக்கு மனநோய் என்று டாக்டர் கண்டுபிடித்ததால் மட்டும் அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைக் கோர்ட்தான் தனியாக அறிவிக்க வேண்டும். வைத்திய விவரத்தை ரகசியமாக வைத்திருப்பதும் ஆஸ்பத்திரியின் கடமை.

வழக்கு என்று வந்துவிட்டால் இன்னொரு கட்டமும் உண்டு. விசாரணையைப் புரிந்து கொள்ளும் நிலையில் இல்லாதவரை விசாரிக்கக் கூடாது. தெளியும்வரை வழக்கை ஒத்தி வைப்பார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனால் வெளியில் கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் அதுவே பாதாளக் கிணறாகிவிடும். அஸ்ஸாமில் 1951-ல் கைதான ஒருவரை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-ல் குணமாகிவிட்டார் என்று ஆஸ்பத்திரி சொல்லியது. வீட்டுக்கு அனுப்பாமல் ஜெயிலுக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்கவில்லை. அவர் வெளியே வந்தது 2005-ல். 54 வருஷம்! வந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆகவே உறவினர்கள் விடாமல் கேட்க வேண்டும். கைதானவருக்கு ஏற்கெனவே மனநோய் வைத்தியம் நடந்திருந்தால் முதல் நாளே போலீஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் எழுத்து மூலம் சொல்லி, டாக்டர் பரிசோதனை கேளுங்கள். அப்படி ஒரு பூர்வ கதை தெரிய வந்தால் பரிசோதனைக்கு அனுப்புவது விசாரணை அதிகாரியின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலுக்கு மனுப் போடலாம். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானாலும் உடனே அனுப்பிவிட மாட்டார்கள். பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்வார்கள். அல்லது, 'நான் பொறுப்பாகப் பார்த்துக் கொள்கிறேன்' என்று உறவினர் ஜாமீன் கொடுத்தால் அவரிடம் ஒப்படைப்பார்கள்.

டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று இன்னும் தயங்கிக் கொண்டிருப்பவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பழைய சீட்டுகளைத் தொலைத்துவிட்டவர்கள், வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் கொடுக்கலாம். தன் வைத்தியக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. வந்ததும் தேதி வாரியாக அடுக்கி, வீட்டுப் பத்திரம் வைக்கிற பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.