'ஐ ஆம் ஃபைன்'க்கு அப்புறம் என்ன?

எந்த ஆரம்பப் பள்ளி வகுப்புக்குள்ள போய் "ஹவ் ஆர் யூ?"ன்னு கேட்டாலும், முப்பது குரலும் ஒரே ராகத்துல "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ"ன்னு இழுக்கும். காலைல சாப்பிடாம வந்த பையனும் ஃபைன். பென்சில் பாக்ஸ் தொலைஞ்சு மூக்கை உறிஞ்சிட்டு இருக்கிற பொண்ணும் ஃபைன். இது உணர்வே இல்ல, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற பதில்.

என்.எஸ்.எஸ்.ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கப் போற ஜூனியர்ஸுக்காக இதை எழுதுறேன். பாட்டை வச்சு உணர்வுகளைப் பேச வைக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல சிக்கல் எங்கன்னு புரியணும். தமிழ்ல "எனக்குக் கோபம் வருது", "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்றோம். கோபம் எங்கிருந்தோ வர்ற விருந்தாளி. நாம 'எனக்கு'ன்னு ஓரமா நிக்கிறோம். ஆங்கிலத்துல நேரா "ஐ ஆம் ஆங்க்ரி". அதனாலதான் குழந்தைங்க "ஐ ஆம் ஃபியர்", "ஐ ஹேவ் ஆங்க்ரி"ன்னு சொல்லுதுங்க. அதோட 'ஃபீல்'ங்கிற வார்த்தையை நாம ஏற்கெனவே தமிழாக்கிட்டோம். "ஃபீல் பண்ணாத மச்சி"ன்னா வருத்தப்படாதேன்னு அர்த்தம். அந்தக் காதுக்கு "ஐ ஃபீல் ஹாப்பி" எப்படி இருக்கும்? சோகமா சந்தோஷப்படுற மாதிரி!

மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு இதை இலக்கணமா விளக்க முடியாது. பாட்டுல அது தானா நடக்கும். "ஐ ஃபீல் ஸ்கேர்ட்"ன்னு பத்து தடவை பாடினா அந்த மூணு வார்த்தையும் ஒட்டிக்கிட்டு ஒரே துண்டா நாக்குல உக்காந்துடும். கைத்தாளம் போட்டா இன்னொரு லாபம்: ஆங்கிலத்துல எந்த இடத்துல அழுத்தணும்னு உடம்புக்கே தெரிஞ்சிடும். கரோலின் கிரஹாம்ங்கிற அமெரிக்க ஆசிரியை 1978ல 'ஜாஸ் சான்ட்ஸ்'னு புத்தகம் போட்டது இதே யோசனைலதான். சாதாரணப் பேச்சையே தாளத்துல சொல்ல வைக்கிறது. கடைசி பெஞ்சுல கானா தட்டிப் பழகின நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

அதை விட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. கூட்டமா பாடும்போது அந்த 'ஐ' யாரோட 'ஐ'யும் இல்ல. கூச்சப்படுற பிள்ளை அதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். "எனக்குப் பயமா இருக்கு"ன்னு தனியா எழுந்து சொல்ல தைரியம் வேணும். முப்பது பேரோட சேர்ந்து பாட வேண்டாம்.

1969 மே மாசம் அமெரிக்க செனட் குழு முன்னாடி, பொதுத் தொலைக்காட்சிக்கான நிதியைக் குறைக்கக் கூடாதுன்னு பேச ஃப்ரெட் ராஜர்ஸ் வந்தார். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துறவர். புள்ளிவிவரம் எதுவும் அடுக்கல. கோபம் வந்தா என்ன செய்யறதுன்னு குழந்தைகளுக்குத் தான் எழுதின பாட்டோட வரிகளைச் சொல்லிக் காட்டினார். முதல் வரி ஒரு குழந்தைகிட்ட இருந்தே வந்ததுன்னும் சொன்னார். தலைமை தாங்கின ஜான் பாஸ்டோர், உங்களுக்கு 2 கோடி டாலர் கிடைச்சாச்சுன்னுட்டார்! (யூடியூப்ல வீடியோ இருக்கு, ஏழு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்.) அவர் பாட்டை அப்படியே இங்க எடுத்துட்டு வராதீங்க. அதுல கோபத்துக்கு 'மேட்'ங்கிற சொல் வரும். அமெரிக்காவுல சரி, நம்ம ஊர்ல வகுப்பே யாரையாவது கை காட்டிச் சிரிக்கும்.

மெட்டுக்கு அலைய வேண்டாம். அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நிலாப் பாட்டு மெட்டே போதும். நாலு உணர்வு எடுத்துக்கோங்க: ஹாப்பி, சேட், ஆங்க்ரி, ஸ்கேர்ட். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம், ஒரு அசைவு. கை தட்டுற அந்த ஹாப்பி பாட்டை எல்லாரும் சொல்லித் தர்றாங்க, ஆனா பாதிப் பேர் ஹாப்பியோட நிறுத்திடுறாங்க. ஆங்க்ரிக்குத் தரையை மிதிக்க விடுங்க. சத்தம் வரும், வரட்டும்.

ரெண்டாவது வாரம் "வென்" சேருங்க. "ஐ ஃபீல் ஆங்க்ரி வென்..."ன்னு நிறுத்தி, மிச்சத்தை அவங்ககிட்ட விடுங்க. பதில் தமிழ்ல வந்தாலும் எடுத்துக்கிட்டு, நீங்க ஆங்கிலமாக்கித் திருப்பிப் பாடுங்க. நாங்க போன பள்ளியில "அண்ணன் சைக்கிள் தரமாட்டான்", "மிஸ் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க"ன்னு வரிசையா வந்தது. ஒரு பையன் மட்டும் "அப்பா குடிச்சிட்டு வந்தா"ன்னான். அவனுக்குக் கொடுத்த உணர்வு ஆங்க்ரி. அவன் மிதிக்கல, ஸ்கேர்ட் முகத்தைத்தான் வச்சுக்கிட்டான்.

இந்த இடத்துக்கு நீங்க தயாரா போகணும். அந்த வரியை வகுப்பு முழுக்கப் பாட வைக்கக் கூடாது, "அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு எல்லார் முன்னாடியும் தோண்டவும் கூடாது. "சொன்னது நல்லது கண்ணா"ன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளைக்கு நகருங்க. வகுப்பு முடிஞ்சதும் தலைமையாசிரியர்கிட்ட தனியா சொல்லுங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னு தோணினா 1098, குழந்தைகள் உதவி எண். நாங்க டீச்சர்கிட்ட சொன்னப்போ அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "தினம் ஃபைன்னுதான் சொல்லுவான்"னாங்க. அடுத்த வாரமே அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாங்க.

கடைசியா, எல்லாத்துக்கும் ஆங்கிலச் சொல் தேடாதீங்க. "ஒரு மாதிரியா இருக்கு"ங்கிறதுக்கு என்ன சொல்வீங்க? எங்க வகுப்புல ஒரு குட்டிப் பொண்ணு "ஐ ஃபீல் ஒரு மாதிரி"ன்னு பாடிட்டா. தாளம் கச்சிதமா உக்காந்துச்சு. அதை அஞ்சாவது உணர்வா சேர்த்துட்டோம். அதுக்கான அசைவையும் அவளே சொல்லிக் கொடுத்தா, கன்னத்துல கை.