ஜாவாவுக்கும் ஆபீசுக்கும் பொருத்தம்

முன்னுரை

கணினி இல்லாத அலுவலகம் இன்று இல்லை என்றே சொல்லலாம். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளி அலுவலகத்திலும் மட்டுமன்றி, எங்கள் தோழியர் பலரின் வீட்டுக் கூடத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பட்டியல் வைத்துக்கொள்ளவும் உதவும் நிரல்களின் கூட்டத்தை 'ஆபீஸ் தொகுப்பு' என்கிறோம். ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் என்னும் இரண்டும் விலையின்றிக் கிடைக்கும் தொகுப்புகள். தமிழ்நாட்டு மாணவியருக்கு இவை புதியவை அல்ல. 2000-களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த அக்காமார் இவற்றின் மூத்த வடிவமாகிய ஸ்டார் ஆபீசைப் படித்தனர். 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீசே பாடமாக இடம்பெற்றது.

இத்தொகுப்புகளை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, 'இந்தப் பணிக்கு ஜாவா இயக்கச்சூழல் தேவை' என்ற அறிவிப்பு ஒருநாள் திரையில் தோன்றும். அதைக் கண்டு, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் எதுவும் போகவில்லை. இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. அந்தப் பொருத்தம் யாது, அதைப் பார்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

1985-இல் ஜெர்மனியில் மார்க்கோ பெரிஸ் என்னும் இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனமே ஸ்டார் ஆபீசை உருவாக்கியது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை யாவரும் காணுமாறு திறந்துவிட்டது. அவ்வாறு பிறந்ததே ஓப்பன் ஆபீஸ். ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஜாவா மொழியை 1995-இல் உலகுக்கு அறிவித்ததும் இதே சன் நிறுவனந்தான். எனவே ஓப்பன் ஆபீசின் சில பகுதிகள் ஜாவாவைச் சார்ந்து எழுதப்பட்டதில் வியப்பில்லை.

2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து சென்று லிப்ரே ஆபீசைத் தொடங்கினர். 2011-இல் ஓப்பன் ஆபீஸ் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வாறு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்தனர். அவரவர் வேகத்தில் வளர்ந்ததால் பொருத்தச் சிக்கல்களும் வளர்ந்தன.

ஜாவா இயக்கச்சூழல் என்பது யாது?

மாமல்லபுரத்திற்குப் பல நாட்டுப் பயணிகள் வருகின்றனர். அங்குள்ள சிற்பங்களின் வரலாறு ஒன்றே. அதைப் பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சிலும், வடநாட்டாருக்கு இந்தியிலும் எடுத்துச் சொல்ல வழிகாட்டிகள் இருக்கின்றனர். ஜாவா நிரலும் இத்தகையதே. அது எந்தக் கணினிக்கும் நேரே புரியாத ஓர் இடைமொழியில் இருக்கும். அதை விண்டோஸ் கணினியில் விண்டோசுக்கு ஏற்பவும், லினக்ஸ் கணினியில் லினக்சுக்கு ஏற்பவும் எடுத்துச் சொல்லி இயக்கும் வழிகாட்டியே ஜாவா இயக்கச்சூழல். ஜாவா நிரல் எங்கும் ஓடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் அதற்குரிய வழிகாட்டி வேண்டும்.

ஆபீஸ் தொகுப்பின் எல்லா வேலைக்கும் ஜாவா தேவையில்லை. ரைட்டரில் கடிதம் எழுதலாம், கால்க்கில் மதிப்பெண் கூட்டலாம், இம்ப்ரெஸ்ஸில் படங்காட்டலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் ஜாவாவை நாட வேண்டியதில்லை. 2005-இல் ஓப்பன் ஆபீஸ் 2.0 பதிப்போடு வந்த 'பேஸ்' என்னும் தரவுத்தளப் பகுதிக்குத்தான் அது இன்றியமையாதது. பேஸ் கோப்பினுள் பட்டியல்களைக் காக்கும் பொறி ஜாவாவில் எழுதப்பட்டது. ஆதலால் ஜாவா பொருந்தாத கணினியிலும் பேஸ் கோப்பின் சாளரம் திறக்கும். பட்டியலைத் தொட்டவுடன் அறிவிப்பு தோன்றும். வாயிற்கதவு திறந்திருக்க, உள்ளறை பூட்டியிருப்பது போன்றது அந்நிலை.

முதற் பொருத்தம்: பாதையின் அகலம்

செங்கற்பட்டு சந்திப்பைக் கடந்து செல்லும் தென்னக இருப்புப்பாதை முற்காலத்தில் மீட்டர் பாதையாக இருந்தது. அதில் தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். இன்றைய அகலப் பாதையில் அது 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைக்குரிய பெட்டி எவ்வளவு உறுதியானதாயினும் அதை அகலப் பாதையில் ஏற்ற முடியாது. அது பெட்டியின் குற்றமும் அன்று, பாதையின் குற்றமும் அன்று.

கணினியிலும் 32 பிட், 64 பிட் என இரண்டு அகலங்கள் உண்டு. பேஸ் ஜாவாவை அழைக்கும்போது, ஜாவாவைத் தனியே ஓட விடுவதில்லை. தன் இயக்கத்தினுள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. எனவே இரண்டும் ஒரே அகலமாக இருந்தே தீர வேண்டும். 32 பிட் ஆபீசுக்கு 32 பிட் ஜாவாவும், 64 பிட் ஆபீசுக்கு 64 பிட் ஜாவாவும் வேண்டும்.

'எங்கள் கணினியில் வேறு ஜாவா நிரல்கள் நன்றாக ஓடுகின்றனவே, ஆபீசுக்கு மட்டும் ஏன் ஜாவா கிடைக்கவில்லை?' என்று கேட்போருக்கும் விடை இதுவே. சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை மீட்டர் பாதை மின்வண்டிகளும் அகலப் பாதை வண்டிகளும் 2004 வரை அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஓடின. அடுத்தடுத்து ஓடலாம், ஒன்றன் பெட்டியை மற்றொன்றன் பாதையில் ஏற்ற முடியாது.

விண்டோசுக்கான ஓப்பன் ஆபீஸ் 4.1 வரிசை 32 பிட்டாகவே வெளிவந்துள்ளது. லிப்ரே ஆபீசோ 2015-இல் வந்த 5.0 பதிப்பு முதல் விண்டோசுக்கு 64 பிட்டாகவும் கிடைக்கிறது. பெரும்பாலான சிக்கல்கள் இந்த வேறுபாட்டை அறியாமையால் விளைகின்றன.

இரண்டாம் பொருத்தம்: பதிப்பு எண்

ஒவ்வொரு ஜாவா நிரல் கோப்பின் தொடக்கத்திலும் ஓர் எண் பதிந்திருக்கும். ஜாவா 8-க்கு உரியது 52, ஜாவா 11-க்கு 55, ஜாவா 17-க்கு 61. இயக்கச்சூழல் முதலில் அந்த எண்ணைப் பார்க்கும். தான் அறிந்த எண்ணைவிடப் பெரியதாயின் இயக்க மறுத்துவிடும். பழைய பாடத்திட்டத்தில் பயின்ற வழிகாட்டிக்குப் புதிய ஏடு புரியாது என்பது போல. புதிய ஜாவா பெரும்பாலும் பழைய நிரலை இயக்கும். பழைய ஜாவா புதிய நிரலை இயக்காது.

அப்படியானால் எப்போதும் மிகப் புதிய ஜாவாவை நிறுவிவிட்டால் போதாதா? போதாது. 2025 மார்ச் மாதம் வந்த ஜாவா 24 முதல் விண்டோசுக்கான 32 பிட் வடிவம் மூலநிரலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆகவே 32 பிட் ஓப்பன் ஆபீசுக்கு அந்தப் புதிய ஜாவா ஒருபோதும் பொருந்தாது. 2014-இல் வந்த ஜாவா 8-இன் 32 பிட் வடிவமே அதற்கு ஏற்றது.

மூன்றாம் பொருத்தம்: முகவரி

ஆபீஸ் தொகுப்பு, ஜாவா எங்கே இருக்கிறது என்பதை விண்டோசின் பதிவேட்டில் தேடும். 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-இல் அந்தப் பதிவேட்டுப் பெயரும் உள்ளே கோப்புகள் அமைந்திருக்கும் முறையும் மாற்றப்பட்டன. அதற்கு முன் வெளியான ஆபீஸ் பதிப்பு பழைய முகவரியிலேயே சென்று கதவைத் தட்டும்; ஆளில்லை என்று திரும்பி வரும். ஜாவா கணினியில் இருந்தும் இல்லாததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சி

எங்கள் தோழியர் சிலர் கடற்கரை ஊர்களிலிருந்து பேருந்தில் வருகின்றனர். அவர்களுள் ஒருத்தியின் தாயார், மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள ஒரு மீனவர் குப்பத்தில் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வருபவர். 2015 டிசம்பர் மழையில் குழுவின் பழைய நோட்டுகள் நனைந்து எழுத்துகள் கரைந்துபோயின. அதன்பின் அவர், மூத்த மகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில், ஓப்பன் ஆபீஸ் பேஸில் கணக்கை ஏற்றலானார். யார் எவ்வளவு சேமித்தார், மீன் வாங்கி விற்க யார் எவ்வளவு கடன் எடுத்தார், எத்தனை தவணை கட்டினார் என்பதெல்லாம் அந்த ஒரே கோப்பில் இருந்தன.

மடிக்கணினி பழுதாகவே, சென்ற ஆண்டு வேறொரு கணினி வாங்கினர். கோப்பு திறந்தது, பட்டியல் திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவர், கோப்பு கெட்டுவிட்டது என்றும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி என்றும் கூறினாராம். குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. கட்டிய தவணைக்கு இனி என்ன சாட்சி என்று சிலர் கேட்டனர். அத்தனை ஆண்டு நாணயமாகக் கணக்கு எழுதியவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்!

தோழி அந்தக் கணினியை எங்கள் கணினி ஆசிரியையிடம் கொண்டுவந்தாள். ஆசிரியை முதலில் கோப்பைப் படியெடுத்து வைக்கச் சொன்னார். பிறகு நாங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஓப்பன் ஆபீஸ் 32 பிட். புதிதாக நிறுவப்பட்டிருந்த ஜாவாவோ 64 பிட். ஜாவா 8-இன் 32 பிட் வடிவத்தையும் அருகே நிறுவினோம். இரண்டு ஜாவாக்களும் ஒரே கணினியில் தனித்தனி உறைகளில் சண்டையின்றி வாழும். ஆபீசை மூடித் திறந்தவுடன் பட்டியல் வந்தது. ஒரு பெயர்கூடக் குறையவில்லை, ஒரு தவணைகூட மாறவில்லை.

செய்ய வேண்டுவன

1. எதையும் தொடுமுன் கோப்பை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். யார் சொன்னாலும் அழிக்க விடாதீர்கள்.

2. ஆபீஸ் எத்தனை பிட் என்று அறியுங்கள். 64 பிட் விண்டோஸ் கணினியில், 32 பிட் நிரல்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86' என்னும் உறையில் இருக்கும்.

3. கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் ஜாவாவின் பதிப்பைக் கேளுங்கள். விடையில் '64 பிட்' என்ற சொல் இருந்தால் அது 64 பிட். அச்சொல் இல்லையேல் 32 பிட்.

4. ஆபீசில் டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் பகுதியைத் திறந்தால், ஓப்பன் ஆபீசில் 'ஜாவா' என்றும் லிப்ரே ஆபீசில் 'அட்வான்ஸ்டு' என்றும் ஒரு பக்கம் வரும். பொருந்தும் ஜாவாக்கள் அங்கே வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரிசை வெறுமையாக இருப்பின், 'ஆட்' பொத்தானை அழுத்தி ஜாவாவின் உறையைக் காட்டலாம்.

5. ஆபீசை முழுவதும் மூடிவிட்டு மீண்டும் திறந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற டெபியன் வகைத் தளங்களில் அகலச் சிக்கல் அரிது. அங்கே லிப்ரே ஆபீசின் பேஸ் பகுதியும், ஜாவாவோடு இணைக்கும் பகுதியும் தனித்தனிப் பொதிகளாக இருக்கும். அவற்றையும் நிறுவ வேண்டும்.

பள்ளிகளும் குழுக்களும் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. 2019 ஏப்ரல் முதல் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா 8-இன் புதுப்பிப்புகளுக்குரிய உரிம விதிகளை மாற்றியது. வீட்டில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு விலையில்லை. நிறுவனங்களின் பயன்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. எக்லிப்ஸ் டெமுரின் போன்ற திறந்த ஜாவாக்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒற்றைக்கல்லும் அடுக்குக்கல்லும்

ஜாவாவை ஆபீசோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓப்பன் ஆபீசின் பழைய விண்டோஸ் பதிப்புகள் சில அவ்வாறே வந்தன. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்கள் பாறையிலேயே குடைந்து செதுக்கப்பட்டவை. அங்கே கல்லோடு கல் பொருந்த வேண்டும் என்ற கவலையே இல்லை. கடற்கரைக் கோயிலோ வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லோடு பொருந்தியாக வேண்டும். எல்லாவற்றையும் உடன்கொண்டு வரும் நிரல் ரதத்தைப் போன்றது. அதற்குள் அடங்கிய ஜாவா பழையதாகிப் பாதுகாப்புக் குறை ஏற்பட்டாலும், அதை மட்டும் தனியே மாற்றுவது கடினம். பிறவற்றைச் சார்ந்து நிற்கும் நிரல் அடுக்குக் கோயிலைப் போன்றது. ஒரு கல்லை மாற்றிச் செப்பனிடலாம்; ஆனால் அளவு பார்த்தே மாற்ற வேண்டும்.

முடிவுரை

புதியதெல்லாம் நல்லது என்றோ, பழையதெல்லாம் பயனற்றது என்றோ எண்ணுவது தவறு. பொருந்துவதே நல்லது. அகலம், பதிப்பு, முகவரி ஆகிய மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடமே ஆகும். அந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாமையால் பல ஆண்டு உழைப்பு அழிந்துவிடக் கூடாது. பேஸில் பட்டியல் வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைக் கால்க்கில் படியெடுத்துச் சேமிப்பதும், தாளில் ஓர் அச்சுப்படி எடுத்து வைப்பதும் நலம். கால்க்கைத் திறக்க ஜாவா வேண்டியதில்லை. தாளைப் படிக்கக் கணினியே வேண்டியதில்லை.

பெற்றோரே, உங்கள் கணினி இத்தகைய அறிவிப்பைக் காட்டினால் கலங்காதீர்கள். தோழியரே, இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். நம் அன்னையரின் கணக்கைக் காப்பாற்றித் தருவதற்கும் நாம் கற்ற கல்வி பயன்படட்டும்.